பழைய வீடியோ கேமுக்கு யார் விலை வைப்பது?

பரணில் பழைய டிவி கேம் இருந்தால் அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அது லட்சக்கணக்கில் விலை போகும் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் அவ்வப்போது வலம் வருகிறது. கூடவே அமெரிக்காவில் ஒரு மேரியோ கேசட் கோடிக்கணக்கில் ஏலம் போன படமும் இருக்கும். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் தொடர்பான சந்தேகம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு பிரிண்டர் முதல் பிளே ஸ்டேஷன் வரை எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்தச் செய்தியைக் காட்டி, “எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு, எவ்ளோப்பா போகும்?” என்று கேட்டவர்கள் பலர்.

பெரும்பாலான பெட்டிகளுக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் கிடைக்காது என்பதே பதில். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. பழைய கேம்களுக்கு விலை வைப்பது யார்? அதை விளையாடுபவர்களா, சேர்த்து வைப்பவர்களா, அல்லது விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டி வைப்பவர்களா? கடைசியாகச் சொன்னவர்களின் கை ஓங்கி வருகிறது என்பதும், அதனால் நமக்கு நஷ்டம் என்பதும் என் கருத்து.

சேகரிப்பாளர், ஊக வணிகர் என்ற இரண்டு சொற்களையும் முதலில் பிரித்துக் கொள்வோம். சேகரிப்பாளருக்கு அந்தக் கேம் பிடிக்கும். எந்த ஆண்டு வந்தது, எந்த சிப் உள்ளே இருக்கிறது, எந்தப் பதிப்பில் எந்தப் பிழை உண்டு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஊக வணிகருக்குப் பிடிப்பது விலை மட்டுமே. அவர் கையில் இருப்பது கேம் கேசட்டாக இருந்தாலும், தபால் தலையாக இருந்தாலும், ஷேராக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

அந்த மேரியோ செய்தி உண்மையா?

உண்மைதான். 2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் ‘சூப்பர் மேரியோ 64’ கேசட் ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் பதினொன்றரைக் கோடி ரூபாய். இதற்கு இரண்டு நாட்கள் முன்பு அதே நிறுவனத்தில் ‘த லெஜண்ட் ஆப் செல்டா’ கேசட் ஒன்று 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு விற்றது.

ஆனால் வாட்ஸ்அப் செய்தி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சூப்பர் மேரியோ 64 அரிய கேம் அல்ல. 1996 இல் வெளிவந்த அந்தக் கேம் உலகம் முழுவதும் ஒரு கோடிக்கும் மேல் விற்றது. ஏலம் போன பெட்டிக்கு விலை வந்தது, அது கடையிலிருந்து வாங்கிப் பிரிக்கப்படாமலே இருந்ததால். வாட்டா என்ற நிறுவனம் அதன் அட்டைக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் மதிப்பெண் கொடுத்து, கெட்டியான கண்ணாடி போன்ற பெட்டிக்குள் அடைத்து முத்திரை வைத்தது. அதாவது அந்த விலை கேமுக்கு அல்ல, கிழியாத உறைக்கு.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி வந்தது. ரேலி என்ற நிறுவனம் 2020 இல் 1 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு வாங்கிய ஒரு ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ கேசட்டை 20 லட்சம் டாலருக்கு விற்றது. ரேலி பொருளை வாங்கி, அதன் உரிமையைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துப் பொதுமக்களுக்கு விற்கும் நிறுவனம். பங்கு வைத்திருந்தவர்கள் யாரும் அந்தக் கேசட்டைக் கையில் தொட்டதுகூட இல்லை. ஒரே ஆண்டில் ஒரு பொருளின் விலை பதினான்கு மடங்கு ஏறினால் விவரம் தெரிந்தவர்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? மதிப்பெண் கொடுப்பவர்களும் ஏலம் விடுபவர்களும் சேர்ந்து விலையை ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 2021 ஆகஸ்டில் எழுந்தது. இரு நிறுவனங்களும் அதை மறுத்தன. 2022 இல் வாட்டா நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது.

விலை எப்படி ஏறுகிறது?

இதற்குச் சதி எதுவும் நடக்கத் தேவையில்லை என்பதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒரு பொருள் மாதத்தில் ஒன்றோ இரண்டோதான் கைமாறுகிறது என்றால், ஒரே ஒரு விற்பனை எல்லோருக்கும் விலைப்பட்டியல் ஆகிவிடும். ஏலத்தில் பிடிவாதமான இரண்டு பேர் மோதினால் போதும். மறுநாள் அதே பொருள் வைத்திருக்கும் நூறு பேரும் தங்கள் பொருளுக்கும் அதே விலை என்று நினைப்பார்கள். அந்த நூறு பேரும் ஒரே நாளில் விற்க வந்தால் வாங்க ஆள் இருக்காது என்பது அப்போது யாருக்கும் தோன்றாது.

நம் ஊரில் நடப்பது இதன் சிறிய நகல். பழைய பொருட்களை விற்கும் இணையதளங்களில் ‘ரேர் ஐட்டம்’, ‘ஆன்டிக்’ என்று தலைப்புப் போட்டு, காயலாங்கடையில் எடைக்கு வாங்கிய டிவி கேமுக்கு ஆயிரக்கணக்கில் விலை கேட்கிறார்கள். இது கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல. அதே விளம்பரம் ஆறு மாதம் கழித்தும் அங்கேயே இருக்கும். ஆனாலும் அதைப் பார்ப்பவர் தன் வீட்டுப் பெட்டிக்கும் அதே விலை என்று முடிவு செய்துவிடுகிறார். பிறகு யாராவது நியாயமான விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மனம் வருவதில்லை. பெட்டி மீண்டும் பரணுக்கே போகிறது.

வடசென்னையின் கதை வேறு

மேலை நாடுகளில் சேகரிப்பாளர்கள் தேடுவது ஒரிஜினல் நின்டென்டோ, ஒரிஜினல் சேகா. நம் வீடுகளில் அவை எத்தனை இருந்தன? நின்டென்டோவின் அனுமதியுடன் ‘சாமுராய்’ என்ற பெயரில் ஒரு இயந்திரம் இந்தியாவில் விற்கப்பட்டது. 1990களின் நடுவில் சேகாவின் இயந்திரத்தை ஷா வாலஸ் நிறுவனம் இங்கே கொண்டுவந்தது. இவை வசதியானவர்கள் வீட்டுக்கு. நம் தெருக்களுக்கு வந்தவை ‘லிட்டில் மாஸ்டர்’ போன்ற நகல் இயந்திரங்கள். ஜப்பானில் 1983 இல் வந்த நின்டென்டோ ஃபேமிகாம் இயந்திரத்தின் வேலையைக் குறைந்த செலவில் செய்தவை இவை. பின்னாளில் வந்தவற்றைத் திறந்து பார்த்தால், நடுவில் கறுப்புத் தார் உருண்டை போல ஒன்று இருக்கும். அதற்குள்தான் மொத்த இயந்திரமும் ஒரே சிப்பாக அடங்கியிருக்கும்.

இவற்றையும் கேசட்டுகளையும் வாங்க ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்கள் போன இடம் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969 இல் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே, ராஜாஜி சாலையில் தொடங்கப்பட்ட கடை வரிசை அது. சுங்க இல்லம் இருக்கும் அதே சாலையில் வெளிநாட்டுச் சாமான்கள் குவிந்து கிடந்தது ஒரு வேடிக்கை. ‘99,99,999 கேம்கள்’ என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டும் அங்கே கிடைத்தது. போட்டுப் பார்த்தால் அதே பத்துப் பன்னிரண்டு கேம்கள் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

அதற்குப் பிறகு வந்தது பிளே ஸ்டேஷன் காலம். எங்கள் பகுதியில் அது வீட்டுப் பொருளாக வரவில்லை, கடைப் பொருளாக வந்தது. நான் பள்ளியில் படித்தபோது மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து விளையாடும் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. ஒரே பிளே ஸ்டேஷன் 2 காலை முதல் இரவு வரை ஓடும். கன்ட்ரோலரின் ரப்பர் தேய்ந்து போயிருக்கும், லென்ஸ் பலமுறை மாற்றப்பட்டிருக்கும். ஒரு பொருளை நூறு பேர் பயன்படுத்துவதும், பழுதானால் சரி செய்து மீண்டும் ஓட்டுவதும்தான் இங்கே வழக்கம். பிரிக்காத பெட்டிக்கு மதிப்பெண் போடும் சந்தையில் இப்படிப்பட்ட பொருட்களுக்கு இடமே கிடையாது.

இந்தியாவுக்கென்றே வந்த கேம்கள்

ஆனால் அந்தச் சந்தை ஒரு விஷயத்தில் நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. பிளே ஸ்டேஷன் 2 இங்கே நீண்ட காலம் விற்றதால், இந்தியாவை மனதில் வைத்துச் சில கேம்கள் உருவாக்கப்பட்டன. ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009 இல் வந்தது. அதே ஊரின் கேம் சாஸ்திரா நிறுவனம் ‘தேசி அட்டா’ என்ற கேமைத் தந்தது. அதில் கார் ரேஸ் இல்லை. கிட்டிப்புள், சடுகுடு, காத்தாடி என்று நம் தெரு விளையாட்டுகள் இருந்தன. 2010 இல் ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்’, 2011 இல் ‘ரா ஒன்’, 2013 இல் ‘டான் 2’ ஆகியவை வந்தன. அந்த 2013 ஜனவரியில்தான் பிளே ஸ்டேஷன் 2 தயாரிப்பை நிறுத்துவதாக சோனி உறுதி செய்தது. உலகம் முழுவதும் 15 கோடிக்கும் மேல் விற்ற இயந்திரம் அது. அதன் கடைசிக் கேம்களில் ஒன்று நம் நாட்டில் உருவானது என்பது பலருக்குத் தெரியாது.

பிளே ஸ்டேஷன் 2க்கு வந்த எல்லாக் கேம்களையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கும் வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு இந்தப் பட்டியல் ஒரு சவால். அவர் ஊர்க் கடையில் இவை விற்கப்படவே இல்லை. எனவே இங்கிருந்து வாங்கியாக வேண்டும். இதில் தவறு எதுவும் இல்லை. நமக்கு வேண்டாத டிஸ்க்கை அவர் விரும்பிக் கேட்கிறார். பிரச்னை, இடையில் வருபவரால். அவர் பழைய கடைகளில் சொற்ப விலைக்கு வாரி எடுத்து, பிரிக்காத பிரதிகளை மட்டும் விலை ஏறும்வரை வைத்துக் கொள்கிறார். இங்கே ஒரு கல்லூரி மாணவன் ‘தேசி அட்டா’வைப் போட்டுப் பார்க்க விரும்பினால், அவன் போட்டியிட வேண்டியது டாலரில் விலை சொல்பவருடன்.

விலை ஏறினால் பொருள் பிழைக்குமா?

ஊக வணிகர்களின் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. விலை இல்லாத பொருளை யாரும் காப்பாற்ற மாட்டார்கள், விலை ஏறுவதால்தான் பழைய கேம்கள் காயலாங்கடைக்குப் போகாமல் பிழைக்கின்றன என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. செம்புக் கம்பிக்காக உடைக்கப்பட இருந்த எத்தனையோ பெட்டிகள் ‘இது விலை போகும்’ என்ற ஒரே காரணத்தால் தப்பியிருக்கின்றன. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயல் மழையிலும் வடசென்னை வீடுகள் இழந்த பொருட்களை நினைத்தால், பத்திரமாக எடுத்து வைக்க ஒரு காரணம் இருப்பது நல்லதுதான்.

ஆனால் விலையின் பார்வைக்கு எல்லாம் தெரிவதில்லை. மேலே சொன்ன செல்டா கேசட்டையே எடுத்துக் கொள்வோம். அந்தக் கேமில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உண்டு. அதற்காகக் கேசட்டுக்குள்ளே ஒரு சிறிய பேட்டரி வைக்கப்பட்டிருக்கிறது. நாற்பது ஆண்டுகளை நெருங்கும் பேட்டரி. அது தீர்ந்துவிட்டால் விளையாட்டைச் சேமிக்க முடியாது. கசிந்தால் போர்டையே அரிக்கும். பேட்டரியை மாற்ற வேண்டுமானால் உறையைப் பிரிக்க வேண்டும். உறையைப் பிரித்தால் கோடிகள் போய்விடும். அதாவது அந்தக் கேசட்டைச் சரி செய்ய விடாமல் தடுப்பதே அதன் விலைதான். இதைக் காப்பாற்றுதல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு உதாரணம் நம் மாநிலத்தில். 2006 முதல் 2011 வரை தமிழக அரசு வீடு வீடாக இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கியது. 14 அங்குல பிக்சர் டியூப் டிவி. டிவி கேமுடன் வந்த துப்பாக்கியால் வாத்து சுடும் விளையாட்டு இந்த வகை டிவியில்தான் வேலை செய்யும். எல்.சி.டி. திரையில் செய்யாது. பிக்சர் டியூப் திரை தாமதமின்றிப் படம் காட்டும் விதத்தை நம்பி அந்தத் துப்பாக்கி இயங்குவதே காரணம். பழைய கேம்களை முறையாக விளையாட மிகவும் தேவையான பொருள் இது. ஆனால் மதிப்பெண் முத்திரைக்கு இது ஆகாது என்பதால் ஊக வணிகர் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரும்பாலானவை உடைக்கப்பட்டு எடைக்குப் போய்விட்டன.

பாதிக்கப்படுவது யார்?

காலடிப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். செல்போன் சர்வீஸுடன் பழைய கேம் இயந்திரங்களையும் சரி செய்து தருவார். கடற்காற்றில் எங்கள் பகுதியில் எல்லாமே சீக்கிரம் துருப்பிடிக்கும். கேசட் பின்களும் இதற்கு விலக்கல்ல. “ரிப்பேருக்கு இன்னும் ஆளுங்க வராங்க தம்பி. பார்ட்ஸ் எடுக்கப் பழைய செட்டுதான் கிடைக்க மாட்டேங்குது. ஓடாத செட்டுக்குக்கூட ஆன்டிக்னு ரேட்டு சொல்றாங்க” என்றார். ஒரு காலத்தில் இரண்டு பழுதான பெட்டிகளை வைத்து ஒரு ஓடும் பெட்டியை உருவாக்கியவர் அவர். இன்று ஓடாத இரண்டு பெட்டிகளும் இரண்டு விளம்பரங்களாக நிற்கின்றன. ஓடும் பெட்டி உருவாகவில்லை.

வேறு வழியில் விளையாடலாமே என்று கேட்கலாம். அதுவும் சுலபமில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது முறைப்படி விற்பனையில் இல்லை. அதே ஆண்டு மார்ச் மாதம் நின்டென்டோ தன் 3டிஎஸ், வீ யு இயந்திரங்களுக்கான இணையக் கடைகளை மூடியது. கம்பெனி விற்பதை நிறுத்தினால் பழைய பிரதி ஒன்றுதான் வழி. அந்தப் பழைய பிரதியைப் பூட்டி வைப்பவருக்கு இது கொண்டாட்டம். எனவே குற்றத்தை ஊக வணிகர் மீது மட்டும் சுமத்துவதும் சரியல்ல. கடையை மூடும் கம்பெனிகள்தான் அவருக்குக் கதவைத் திறந்து விடுகின்றன.

நூலகம் செய்யக் கூடாதா?

1954 இல் நிறைவேறிய சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். அவற்றில் ஒன்று எழும்பூரில் இருக்கும் நம் கன்னிமாரா. அதனால்தான் விற்பனையாகாத புத்தகமும் அங்கே கிடைக்கிறது. அந்தப் புத்தகத்துக்குச் சந்தையில் என்ன விலை என்பது நூலகத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. ஜப்பானில் 2000 அக்டோபர் முதல் டிஸ்க், கேசட் வடிவில் வெளியாகும் கேம்களும் தேசிய நூலகத்துக்குச் செல்கின்றன. நம் சட்டத்தில் கேம்கள் இல்லை. நம் நாட்டு இளைஞர்கள் உருவாக்கிய கேம் எதிர்காலத்தில் இருக்குமா என்பதை இன்று முடிவு செய்வது யாரோ ஒருவரின் லாபக் கணக்கு. கன்னிமாராவில் ஒரு அலமாரி ஒதுக்கினால் போதும், இந்த நிலை மாறும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் பழைய கேம் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குச் சில யோசனைகள்:

1. முதலில் ஓடுகிறதா என்று பாருங்கள். கேசட்டை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பின்களைத்தான் கெடுக்கும். காது குடையும் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

2. விலை அறிய வேண்டுமானால் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். ஏலத் தளங்களில் விற்று முடிந்த பொருட்களை மட்டும் காட்டும் வசதி உண்டு. அதில் வரும் விலையை மட்டுமே நம்புங்கள்.

3. முதலீடு என்று நினைத்துப் பழைய கேம் வாங்காதீர்கள். மின்னணுப் பொருள் தங்கம் அல்ல. கெப்பாசிட்டர் கசியும், பேட்டரி தீரும், டிஸ்க் கீறல் விழும்.

4. இந்தியாவில் உருவான கேம் டிஸ்க் உங்களிடம் இருந்தால் அட்டை, கையேடு ஆகியவற்றை ஸ்கேன் செய்து வையுங்கள். முறைப்படி வாங்கிய மென்பொருளுக்கு, கெட்டுப்போனால் பயன்படும் என்று ஒரு காப்புப் பிரதி வைத்துக் கொள்ள நம் காப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை மற்றவர்களுக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது.

5. விற்பதாக இருந்தால் விளையாடுபவருக்கு விற்றுவிடுங்கள். ஓடாத பெட்டியை ரிப்பேர் செய்பவருக்குக் கொடுங்கள். பரணில் இருந்தால் யாருக்கும் பயன் இல்லை.

இந்தப் பொருட்களைச் சேர்ப்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. திறந்து, துடைத்து, ஓட்டி, குறிப்பு எழுதி வைக்கும் சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் பழைய கேம்களின் வரலாற்றில் பாதி நமக்குத் தெரிந்திருக்காது. அடுத்த முறை யாராவது ஒரு பழைய கேமுக்குப் பெரிய விலை சொன்னால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதைப் போட்டுக் காட்ட முடியுமா?” முடியும் என்றால் தாராளமாகப் பேரம் பேசலாம். போட்டால் விலை குறைந்துவிடும் என்று அவர் தயங்கினால், பணத்தைப் பையிலேயே வைத்துக் கொள்ளுங்கள்.